அம்மா பேர் வெட்ட வேண்டாம், நீங்கள் ஸ்பானிஷை விட வேண்டாம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இருபது வயது மகள் ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பா மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு 51 வயது, தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். வீட்டில் தோட்டத்தில் பேர் பதிந்திருப்பவர் அவர் ஒருவர்தான். அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிறார். மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எழுதி, தமிழில் ‘ஏ’யும் மற்ற இரண்டு பாடங்களில் ‘பி’யும் எடுத்து, கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். பெறுபேறு வரும்வரை சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணியில் ஒரு தங்குவிடுதியில் வேலை செய்தாராம். அங்கே வந்த ஸ்பெயின் நாட்டுத் தம்பதியிடம் நான்கு வார்த்தை கற்றதில் தொடங்கி, கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு பதினான்கு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறார். இப்போது அந்த மொழியையும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்க வேண்டும் என்பது ஆசை. கண்டியில் ஒரு முகவர், 18 இலட்சம் கொடுத்தால் ஸ்பெயினுக்கு மாணவர் விசா எடுத்துத் தருவதாகவும், முதலில் ஒன்பது மாத மொழிப் பாடநெறி, பக்கத்திலேயே வேலை, பிறகு பட்டப்படிப்பு, அதன்பின் குடியுரிமை என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா, “பேர் வெட்டிட்டு ஈ.பி.எப். காச எடுத்துத் தாரேன்” என்கிறார். அதாவது, தோட்ட வேலையிலிருந்து விலகி, ஊழியர் சேமலாப நிதியை எடுத்துத் தருவதாக. அண்ணனோ, “ஸ்பானிஷ் படிச்சு என்ன செய்யப் போற, கொழுந்துக்கா சொல்லிக் குடுக்கப் போற?” என்கிறாராம்.

மகளின் கேள்விகள் மூன்று. இலங்கையில் ஸ்பானிஷ் பட்டம் இருக்கிறதா? கிடைத்த பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டு ஸ்பெயின் போகலாமா? அம்மாவின் பணத்தை எடுக்கலாமா?

அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டும் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது.

பேர் வெட்டுவதற்கு முன்

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதுக்குப் பின் வேலையிலிருந்து விலகும்போது முழுமையாக எடுக்கலாம். ஆகவே அம்மா சொல்வது சட்டப்படி நடக்கக்கூடியதுதான். வேலையில் இருந்துகொண்டே 30 வீதத்தை முன்கூட்டி எடுக்க ஒரு திட்டம் இருப்பதாகவும், அதைப் படிப்புக்கு எடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். திட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் உரியது. பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு அதில் அடங்காது. எனவே படிப்புக்காக அந்தப் பணத்தில் கைவைக்க வேண்டுமானால் அம்மா பேர் வெட்டியே ஆக வேண்டும்.

பேர் வெட்டினால் சேமலாபமும் சேவைக்காலப் பணமும் வரும். நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாட் சம்பளம் என்ற கணக்கு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் பெரிய தொகையாகத்தான் தெரியும். அதில் அம்மாவின் முதுமை முழுவதும் இருக்கிறது. போதாததற்கு நீங்கள் இருக்கும் லயக் காம்பிராவும், அதாவது தோட்டத்தின் வரிசை வீட்டு அறையும் இருக்கிறது. பேர் பதிந்த ஆள் ஒருவரும் இல்லாத காம்பிராவைத் தோட்ட நிர்வாகம் கேட்கத் தொடங்குவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் லயத்திலேயே நடந்திருக்கும். உடனே வெளியே போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும் நாளில் நீங்கள் மட்ரிட்டில் இருப்பீர்கள், அண்ணன் கொழும்பில் இருப்பார், அம்மா தனியே நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

என் பதில்: எடுக்க வேண்டாம். நான் கீழே சொல்லும் எந்த வழிக்கும் அந்தப் பணம் தேவைப்படாது.

முகவர் சொன்னதும் சொல்லாததும்

முகவர் பொய் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். பாதியைச் சொன்னார். மொழிப் பாடசாலையில் சேர்வதும் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேர்வதும் ஸ்பெயினில் இரண்டு வேறு விடயங்கள். வாரம் 30 மணித்தியாலம் வரை வேலை செய்யும் அனுமதி உயர்கல்வி மாணவர்களை மனதில் வைத்துத் தரப்படுவது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த குடிவரவு விதிகள் மொழிப் பாடசாலைகள் விடயத்தில் இன்னும் இறுகிவிட்டன. “பக்கத்திலேயே வேலை” என்ற சொல்லை நம்பி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திட்டம் போட்டால் மூன்றாம் மாதமே திண்டாட்டம்.

விசாவுக்கே மாதம் 600 யூரோ கணக்கில் செலவுக்குப் பணம் இருப்பதை நீங்கள் காட்ட வேண்டும். அது முகவரின் 18 இலட்சத்துக்குள் அடங்குமா என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. குடியுரிமைக் கதையும் அப்படித்தான். மாணவராகத் தங்கும் காலத்தை ஸ்பெயின் நாடு குடியுரிமைக்கான வசிப்புக் காலமாகக் கணக்கெடுப்பதில்லை.

நேரடியாகப் பட்டப்படிப்புக்குப் போகலாமே என்றால், அதற்கும் நம் உயர்தரச் சான்றிதழை அங்கே சமப்படுத்த வேண்டும், வெளிநாட்டு மாணவருக்கான அனுமதி நடைமுறையைக் கடக்க வேண்டும். நான்கு வருடப் பட்டத்தின் முதல் நாள் விரிவுரையையே ஸ்பானிஷில் உட்கார்ந்து கேட்டு எழுதும் அளவுக்கு மொழியும் வேண்டும். பதினான்கு மாதத்தில் நீங்கள் வந்திருக்கும் தூரம் எனக்கு ஆச்சரியம்தான். ஆனால் அது அந்தத் தூரம் அல்ல.

கிடைத்த இடத்தை விடலாமா?

விடக்கூடாது. “அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்துக்கொள்ள முடியாது. உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளி அந்தந்த வருடத் தெரிவுக்கு மட்டும்தான் செல்லும். இடத்தை விட்டால் திரும்பப் பரீட்சை எழுதித்தான் வர வேண்டும், அதுவும் மொத்தம் மூன்று தடவைக்குள்.

இலங்கையில் ஸ்பானிஷ் பட்டம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில், அரச பல்கலைக்கழகங்களில் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்தின் நவீன மொழிகள் துறையில் பிரெஞ்சு, ஜேர்மன், ரஷ்யன், சீனம், ஜப்பான், கொரிய மொழிகள் இருக்கின்றன. ஸ்பானிஷ் பாடசாலை மட்டத்திலும் பரீட்சைப் பாடமாக இல்லை. இந்த வழி அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் உங்களிடம் யாரும் சொல்லாத இன்னொரு வழி திறந்திருக்கிறது. ஸ்பெயினில் முதுகலைக்குப் போவது இளங்கலைக்குப் போவதைவிடப் பல வகையில் எளிது. வெளிநாட்டுப் பட்டதாரி தன் பட்டத்தை அரசாங்கத்திடம் கொடுத்துச் சமப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் நாட்டில் அந்தப் பட்டத்தோடு பட்டப்பின்படிப்புக்குப் போகலாம் என்றால், பல்கலைக்கழகமே பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். கலைப்பீடத்தில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் எடுங்கள். அது தமிழாகவோ மொழியியலாகவோ இருந்தால் இன்னும் நல்லது. நான்கு வருடத்தில் மாலை நேரங்களில் ஸ்பானிஷை பி2 என்ற உயர் இடைநிலை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். டெலே என்றொரு ஸ்பானிஷ் மொழித் தேர்ச்சிப் பரீட்சை இருக்கிறது. ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில், அந்நாட்டு அரசின் மொழி, பண்பாட்டு நிறுவனமான செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது, சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. சியெலே என்ற இன்னொரு பரீட்சை கணினியில் எழுதுவது, அதன் சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். ஆகவே அவசரப்பட்டு இப்போதே சியெலே எழுதிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல உதவித்தொகை கிடைத்தால் மாதாமாதம் பணம் வரும், 2025இல் அது 7,500 ரூபாவாக இருந்தது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் ஊடாக ஒரு கல்வி உதவித்தொகையும் இருக்கிறது. அம்மா பேர் பதிந்த தொழிலாளி என்பதற்கான தோட்டக் கடிதம் அதற்கு வேண்டும். அம்மா ஏன் பேர் வெட்டக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம்.

டில்லி வழி

இளங்கலையிலேயே ஸ்பானிஷ்தான் வேண்டும் என்று மனம் நிற்குமானால், ஸ்பெயினைவிடப் பக்கத்தில் இந்தியா இருக்கிறது. புதுடில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டில்லிப் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் ஸ்பானிஷ் சிறப்புப் பட்டம் உண்டு. நேரு பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் எழுத்திலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுத்து, பிறகுதான் இலக்கியத்துக்குள் இறக்குவார்கள். செர்வாந்தெஸ் நிறுவனத்தின் கிளையும் 2009 முதல் டில்லியில் இருக்கிறது.

பணத்துக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில் இருக்கிறது. இலங்கை மாணவர்களுக்காக இந்திய அரசு தருவது. பொறியியல், விஞ்ஞானம் மட்டுமல்ல, மானிடப் பண்பியல், கலைப் பாடங்களுக்கும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் “அது டொக்டர், இஞ்சினியருக்குத்தான்” என்று எண்ணி விண்ணப்பமே போடுவதில்லை. கல்விக் கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் தங்குமிடப் பணமும் அதில் வரும். கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவித்தல் விடும். இலங்கை உயர்கல்வி அமைச்சோடு சேர்ந்து தெரிவு நடக்கும். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டியிருக்கும். இங்கேதான் நான் கொஞ்சம் யோசிக்கிறேன். உங்கள் ஐந்து பக்கக் கடிதத்தில் ஸ்பானிஷ் சொற்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டில்லியில் முதல் வருடம் ஸ்பானிஷை ஆங்கிலத்தின் ஊடாகத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஆங்கிலம் தடுமாறினால் ஸ்பானிஷும் தடுமாறும்.

ஆகவே இங்கே பதிந்து படித்துக்கொண்டே புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்தால் அப்போது முடிவெடுக்கலாம். கிடைக்காவிட்டால் இழப்பு ஒன்றும் இல்லை.

அங்கே என்னதான் படிப்பார்கள்?

இதை உங்கள் கேள்விகளில் நீங்கள் சேர்க்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் நானே சேர்க்கிறேன்.

கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். ஸபாத்தோ – சப்பாத்து, பான் – பாண், கொசினா – குசினி, பாங்கோ – வாங்கு, தோவாயா – துவாய். பக்கத்தில், “தமிழுக்கும் ஸ்பானிஷுக்கும் தொடர்பு இருக்கு!” என்று மூன்று கோடு போட்டிருக்கிறீர்கள். படித்து ரசித்தேன். ஆனால் திருத்த வேண்டும். இவை 1505இல் இங்கே வந்திறங்கிய போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தவை. போர்த்துக்கேயமும் ஸ்பானிஷும் இலத்தீன் வயிற்றில் பிறந்த சகோதரிகள், அதனால்தான் இந்தச் சாயல். எல்லாம் ஒத்துப்போகாது. நம் ஜன்னலும் கதிரையும் போர்த்துக்கேயம். ஸ்பானிஷில் ஜன்னல் ‘வெந்தானா’, கதிரை ‘சியா’. உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிற்று. நீங்கள் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிய ‘காம்பிரா’வும் அதே குடும்பம்தான், ஸ்பானிஷில் ‘காமரா’. பட்டப்படிப்பில் இதற்கு ஒரு பாடமே இருக்கிறது, மொழி வரலாறு என்று. உங்களுக்கு அது பிடிக்கும்.

‘பெரோ’ என்றால் ‘ஆனால்’, ‘பெறோ’ என்றால் ‘நாய்’ என்பதை ர, ற வைத்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது கெட்டிக்காரத்தனம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாக்கை வைத்துக்கொண்டு படாத பாடு படும் இடத்தில் நமக்கு எழுத்தே தயாராக இருக்கிறது. ‘அப்லோ’ என்று ஒரே சொல்லில் ‘பேசுகிறேன்’ என்று முடிவதும், ‘து’, ‘உஸ்தெத்’ என்று நீ, நீங்கள் பிரிவதும் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதில்லை. கஷ்டம் வரப்போவது வேறு இடத்தில். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இதெல்லாம் மொழி. பட்டத்தில் பெரும்பகுதி இலக்கியமும் வரலாறும். கவிஞர் பாப்லோ நெருடாவின் காதல் கவிதைகளைத் தமிழில் படித்து அழுததாகவும், அவர் கொழும்பில் இருந்தவர் என்று அறிந்ததும் “நம்ம ஆள்” போல இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருந்தார். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாக வந்து வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருந்தார். அவர் இறந்தபின் 1974இல் வந்த நினைவுக்குறிப்புகளில் அந்த வீட்டைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. தினமும் காலையில் மலவாளி எடுக்க ஒரு தமிழ்ப் பெண் வருவாள். பரிசுகள் வைத்துப் பார்க்கிறார், அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனதை அவரே எழுதுகிறார். அவள் கண்ணை மூடாமல் சிலைபோல் கிடந்தாள் என்றும், தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்றும் எழுதுகிறார். அவளுக்கு அந்தப் புத்தகத்தில் பெயர் இல்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரை வைக்கும் யோசனை வந்தபோது சிலி நாட்டுப் பெண்கள் இந்தப் பக்கத்தைத்தான் தூக்கிக் காட்டினார்கள்.

இதை உங்கள் ஆசையைக் கெடுக்க எழுதவில்லை. ஸ்பானிஷ் இலக்கியம் படிப்பது என்றால் அந்தக் காதல் கவிதையையும் இந்தப் பக்கத்தையும் மூலத்திலேயே படிப்பது. விரிவுரை மண்டபத்தில் மற்றவர்களுக்கு அவள் ஒரு விவாதப் பொருள். உங்களுக்கு அவள் ஊர் முகம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1928 டிசம்பரில் கொலம்பியாவில் சியெனாகா என்ற ஊரில், அமெரிக்க வாழைக் கம்பனியொன்றின் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றும் தகராறுதான். அந்தப் பக்கத்தில் பிறந்த எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ், 1967இல் வந்த தன் நாவலுக்குள் அந்தச் சூட்டை வைத்தார். நாவலில் அதைக் கண்ணால் கண்ட ஒருவன் ஊர் திரும்பிச் சொல்கிறான், ஒருவரும் நம்பவில்லை. தோட்டம், கம்பனி, தொழிலாளி, கணக்கு மறைப்பு ஆகிய சொற்களுக்கு டில்லி வகுப்பில் மற்றவர்கள் அடிக்குறிப்பு தேடுவார்கள். உங்களுக்கு வேண்டியிருக்காது.

அண்ணனின் கேள்வி

அவரை எதிரியாகப் பார்க்காதீர்கள். கடையில் நின்று வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், கேட்ட விதம்தான் கொஞ்சம் கசப்பு.

அரச பாடசாலையில் ஸ்பானிஷ் ஆசிரியர் பதவி இல்லை. பட்டம் எடுத்ததும் நியமனம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். மற்றபடி, ஸ்பானிஷ் இருபது நாடுகளின் ஆட்சிமொழி, ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் ஒன்று. நம் மலைக்கு வரும் ஸ்பானிஷ்காரரை அழைத்துச் செல்ல, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள வழிகாட்டிகளில் அந்த மொழி தெரிந்தவர் அரிது. சிலி இலங்கைத் தேயிலை வாங்கும் நாடு. உங்கள் அம்மா எடுக்கும் கொழுந்தின் விலாசத்தைக் கொழும்பில் உட்கார்ந்து ஸ்பானிஷில் எழுத ஒருவர் வேண்டாமா? மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஸ்பானிஷிலிருந்து தமிழுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைச் சுற்றித்தான் வந்தன. நேரே கொண்டுவரக்கூடியவர்கள் மிகச் சிலர். ஆனால் மொழிபெயர்ப்பில் சோறு வேகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிலோடு சேர்த்துத்தான் அதைச் செய்ய முடியும்.

இப்போது செய்ய வேண்டியது: பல்கலைக்கழகப் பதிவுக்குத் தந்திருக்கும் கடைசித் திகதியைப் பாருங்கள். அதற்கு முன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் மூன்றையும் பாயில் பக்கம் பக்கமாக வைத்து உங்கள் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் தோட்டப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஏதாவதொன்றில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். புலமைப்பரிசில் நேர்முகத்துக்கு முதல் வாரம் அதைக் கண்டுபிடித்து என்னிடம் ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். திருத்தப் பல மாதம் போகும்.

முகவரிடம் ‘கோப்புக் கட்டணம்’ என்று 25,000 ரூபா கட்டியதாக ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கிறீர்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு அண்ணனோடு போய், சேரவில்லை என்று எழுத்தில் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். முழுதும் வராவிட்டாலும் கடவுச்சீட்டு அங்கே இருந்தால் அதை விடாமல் வாங்கி வாருங்கள். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள், இந்த முறை ஒரு பக்கமாவது ஆங்கிலத்தில்.